மாறுந் திட்டமும் மாறாக் குறிக்கோளும்

ஒரு பெருவினையைத் தொடங்குவார்முன் எழும் வினாக்கள் இரண்டு. இவ்வினை எந்நாள் முடியும்? இதற்கு எவ்வளவு பொருள் செல்லும்? இவ்விரண்டற்கும் விடை கூறாதவனை எவரும் நம்பார். விடை கூறுபவனோ பெரும்பாலும் பொய்யனாகின்றான். தை மாதத்திற் குடிபுகுவோமென்று நாட்குறித்தவன் மறு தையிலும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருத்தலை நாம் எங்குங் காண்கின்றோம். கோபுரங் கட்டப் புகுவோன் முன்னரே அமர்ந்து செலவை எண்ணிப்பார்க்க வேண்டுமென்பதை நம் ஆண்டவர் உவமையால் உணர்த்தியருளினார். திருவள்ளுவரும் வினைசெயல்வகை என ஓரதிகாரம் வகுத்தார். ஆதலின், கணக்கிட்டுத் தொடங்கவேண்டுமென்பது நமக்குப் புதிய செய்தியன்று. எவ்வாறு கணக்கிடுவது, கணக்குப் பிழைத்தவிடத்து என்செய்வது என்பனவே ஆராயற்பாலன. அண்மைக்காலத்தில் 'லீன்' எனவும் 'அஜைல்' எனவும் பெயர்பெற்று வழங்கும் வினைமுறைகள் இவ்வினாக்களுக்குத் தரும் விடையை, நம் ஜவ்வாது மலையில் நிகழ்ந்த ஒரு பெருமுயற்சியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம்.

திட்டமிடுதல் இருவகைப்படும். ஒன்று, வினையின் தொடக்கத்திலேயே முடிவுவரை யாவற்றையும் வரைந்துகொண்டு, வரைந்தவாறே நடத்துவது. மற்றொன்று, குறிக்கோளை மட்டும் உறுதியாக நிறுத்தி, சிறிது செய்து, செய்ததை அளந்து, அளவு கூறும் பாடத்தைக் கொண்டு அடுத்த படியை வகுப்பது. முன்னதை நிலைத்திட்டம் என்றும், பின்னதை இயைந்து மாறுந் திட்டம் என்றும் நாம் ஈண்டு வழங்குவோம். நிலைத்திட்டம் இகழத்தக்கதன்று. பலமுறை செய்து பழகிய வினைக்கு அதுவே ஏற்றது. நூறு சாளரஞ் செய்த தச்சனுக்கு நூற்றோராவது சாளரத்திற்கு எத்தனை நாள் வேண்டுமென்பது நன்கு தெரியும். ஆனால், இதற்குமுன் எவருஞ் செய்யாத வினையிலோ, செய்வோர்க்கே புதிதாகிய வினையிலோ, தொடக்கநாளே நம் அறியாமை மிக்கிருக்கும் நாள். அறியாமை மிக்க நாளில் யாவற்றையும் முடிவுசெய்துவிட்டு, அறிவு வளர்ந்தபின் அம்முடிவுகளை மாற்றலாகாதென விலக்குதல் அறிவுடைமையாகுமோ?

இவ்வினாவே அப்புதிய முறைகளுக்கு வித்தாயிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், ஜப்பான் தேயத்து டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்னும் பொறியாளர், வேண்டும் பொருளை வேண்டும் பொழுதில் வேண்டும் அளவே செய்வதென்னும் ஒழுங்கினை வளர்த்தார். பயனின்றிக் குவித்துவைத்தல், காத்திருத்தல், பழுதுபட்டதை மீளச்செய்தல் முதலியன யாவும் வீண் என அவர் வகுத்தெண்ணினார். ஒரு நிலையத்தார் அடுத்த உறுப்பு வேண்டுமென்று முன் நிலையத்தார்க்கு அறிவிக்குஞ் சீட்டே 'கன்பான்' எனப்பட்டது. இம்முறைக்கு 'லீன்' என்னும் ஆங்கிலப் பெயர் 1988-ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. கொழுப்பற்ற மெலிந்த உடலைக் குறிக்குஞ் சொல் அது. பின்னர் 2001-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலையகமொன்றில் கணினி மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். விரைந்து திரும்பவல்லது என்னும் பொருளுடைய 'அஜைல்' என்னும் சொல்லை அவர்கள் தம் முறைக்குப் பெயராக்கினர். திட்டத்தை எழுத்தெழுத்தாகப் பின்பற்றுதலினும் மாறுதலுக்கு ஏற்ப ஒழுகுதல் மேலானதென்பது அவர்தம் கொள்கைகளுள் ஒன்று. திட்டம் பயனற்றதென்று அவர்கள் கூறினாரல்லர். திட்டமும் மாறுதலும் முரணுமிடத்து எதன்பால் நிற்பதென்பதையே கூறினர்.

இனி, ஜவ்வாது மலைக்கு வருவோம். திருப்பத்தூர், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிற் பரந்துகிடக்கும் இம்மலைத்தொடரில், ஆலங்காயத்தையடுத்த காவலூரில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1960-ஆம் ஆண்டில் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்ற டாக்டர் வைணு பாப்பு அவர்கள், ஞாயிற்றை ஆராய்தற்குக் கோடைக்கானல் சிறந்ததாயினும், விண்மீன்களை ஆராய்தற்கு வேறிடம் வேண்டுமெனக் கண்டார். நகரங்களின் ஒளி அணுகாத இருளும், நிலநடுக்கோட்டிற்கு அண்மையும் உடையது காவலூர். ஆதலின் வடவானமும் தென்வானமும் ஒருங்கே அங்குக் காட்சிதரும். பெருந்தொலைநோக்கி ஒன்றை இந்தியாவில் நிறுவவேண்டுமென்பது அப்பெரியாரின் குறிக்கோள். ஆயினும், அவர் முதலிற் செய்தது யாது?

கோடைக்கானலிலேயே செய்யப்பெற்ற 38 சென்டிமீட்டர் விட்டமுடைய சிறு தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு 1968-ஆம் ஆண்டிற் காவலூரில் வானாராய்ச்சி தொடங்கப்பெற்றது. பெருங்கருவி வரும்வரை மலை காத்திருக்கவில்லை. அச்சிறு கருவி வேலைசெய்யுங்காலத்திலேயே, அவ்விடத்து வானம் எத்தகையது, எத்திங்களில் மேகம் மிகும், மலைமேல் ஒரு நிலையத்தை இரவுதோறும் நடத்துதற்கு எவை வேண்டும் என்பனவெல்லாம் பட்டறிவால் விளங்கலாயின. பின்னர், அந்நாளிற் கிழக்கு ஜெர்மனியைச் சார்ந்த ஜேனா நகரத்துக் கார்ல் ஸைஸ் தொழிற்சாலையினின்று வருவிக்கப்பெற்ற 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1972-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. ஒளியை ஏற்கும் ஆற்றல் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் இஃது முன்னதினும் ஏறத்தாழ 7 மடங்கு ஒளியை ஏற்பது. நிறுவப்பெற்ற அவ்வாண்டிலேயே, வியாழனது துணைக்கோளாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை இதன்வழி நோக்கி, அத்துணைக்கோள் மெல்லிய வளிமண்டலம் உடையதென்பதற்குரிய சான்றினைக் கண்டனர். 1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் யுரேனஸ் கோளின் வளையங்கள் உலகிற் பலவிடங்களிற் கண்டறியப்பட்டபொழுது காவலூரும் அவற்றுள் ஒன்றாயிருந்தது. மூன்றாவதாக, 234 சென்டிமீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கி நம் நாட்டிலேயே வகுத்துச் செய்யப்பெற்று, 1985-ஆம் ஆண்டில் நிறைவெய்திற்று. முதற்கருவியினும் இஃது ஏறத்தாழ 38 மடங்கு ஒளியை ஏற்பது.

இவ்வரலாற்றிற் கருதத்தக்கது யாதெனின், ஒவ்வொரு படியும் தன்னளவிற் பயன்பட்டதோடு அடுத்த படிக்குக் கல்வியாகவும் அமைந்ததாம். ஒரு வினையைக்கொண்டு மற்றொரு வினையை முடித்துக்கொள்ளுதலை, யானையைக் கொண்டு யானையைப் பிடித்தலுக்கு வள்ளுவர் ஒப்பிடுவர். 'அஜைல்' முறையினர் ஒவ்வொரு குறுங்காலத்தின் முடிவிலும் பயன்படத்தக்க ஒன்றைத் தந்தே தீரவேண்டுமென விதித்ததும் இக்கருத்தினதே. அக்குறுங்காலத்தை அவர்கள் 'ஸ்பிரிண்ட்' என்பர்; பெரும்பாலும் அஃது ஒருவாரம் முதல் நான்குவாரம் வரை அமையும். காவலூரின் படிகளோ ஆண்டுகளால் அளக்கப்படுவன. அன்றியும், 'அஜைல்' என்னும் பெயர் பிறவாத காலத்தது அம்முயற்சி. ஆதலின் அவர்கள் இம்முறையைக் கற்றுக் கையாண்டனர் என்பது நம் கூற்றன்று. புதுவினையை நேரிய உள்ளத்தோடு செய்வார் யாவரும், எந்நாட்டினராயினும், இவ்வழிக்கே வந்துசேர்வர் என்பதே நாம் கூறவந்தது.

இக்கருத்திற்கு மிகச் சிறந்த உவமை அப்பெருந்தொலைநோக்கியின் ஆடியே. ஆடி தேய்க்குந் தொழிலின் இயல்பை அறிந்தார்க்கு இது விளங்கும். ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் 2000-இல் ஒரு பங்கு. தொலைநோக்கியின் ஆடிப்பரப்பு, தான் கொள்ளவேண்டிய வடிவினின்று அவ்வலைநீளத்தின் ஒரு சிறுபங்கிற்குமேல் விலகலாகாது. ஆதலின் ஆடியைத் தேய்ப்போர், சிறிதுநேரம் தேய்த்து நிறுத்துவர். உராய்வினாற் பிறந்த வெப்பம் தணிந்து, கண்ணாடி முழுதும் ஒரே வெப்பநிலை எய்தும்வரை காத்திருப்பர். பின்னர் ஒளியைச் செலுத்திச் சோதித்து, எவ்விடம் மேடு, எவ்விடம் பள்ளம் எனக் குறித்துக்கொள்வர். அக்குறிப்பே அடுத்தமுறை எவ்விடத்தை எவ்வளவுநேரம் தேய்ப்பதென்பதைத் தீர்மானிக்கும். மேட்டைக் குறைக்கலாம், ஆனால் மிகுதியாகத் தேய்த்தெடுத்த கண்ணாடியை மீள ஒட்டுதல் இயலாது. பள்ளம் ஒன்று விழுந்துவிடின், சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் அப்பள்ளத்தின் அளவிற்கு இறக்கவேண்டும். விரைவுபற்றி ஒரு நாளிற் செய்த மிகைச்செயல் பல நாளுழைப்பை விழுங்கிவிடும். ஆகவே, முடிவு நெருங்க நெருங்கத் தேய்க்கும்பொழுது குறைந்து, அளக்கும்பொழுது மிகும். நூறாவது சோதனையின்பின் எவ்விடத்தைத் தேய்ப்போமென்று முதல் நாளே அட்டவணை எழுதிவைத்தான் ஒருவன் எனின், அவன் தொழிலறியாதவன் என்பது ஒருதலை. ஆனால், ஆடி கொள்ளவேண்டிய வடிவம் முதல்நாள் முதலாக ஒருபொழுதும் மாறுவதில்லை. குறிக்கோள் மாறாமையும் வழி மாறுதலும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை இதனினுந் தெளிவாகக் காட்டுவதொன்றில்லை.

அப்பெருந்தொலைநோக்கியின் நிறைவைக் காணும் பேறு டாக்டர் பாப்பு அவர்கட்கு வாய்க்கவில்லை. 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், தம் 55-ஆம் வயதில், அவர் ஜெர்மனி நாட்டு மியூனிக் நகரில் இயற்கை எய்தினார். தலைவன் ஒருவனது உள்ளத்திலேயே அடங்கிக்கிடந்த திட்டமாயின், அன்றே அதுவும் அவனோடு மறைந்திருக்கும். படிப்படியே செய்து, செய்ததைச் சோதித்து, சோதித்ததைப் பலரும் அறியவைத்த வினையாதலின், அவருக்குப்பின் டாக்டர் ஜே. சி. பட்டாச்சாரியா அவர்களின் தலைமையில் அது முற்றுப்பெற்றது. 1986-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், அந்நாளைய பிரதமர் திரு. ராஜீவ் காந்தி அவர்களால், நிலையத்திற்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்பு என்னும் பெயர் சூட்டப்பெற்றது.

இதுகாறும் திட்டத்தைப்பற்றிக் கூறினோம். இனி, செயல்திறனை மதிப்பிடுதல் என்னும் இரண்டாம் பகுதியை நோக்குவோம். எந்நாள் முடியும் என்னும் வினாவிற்கு, 'அஜைல்' முறையினரும் விடைகூறவே வேண்டும். அவ்விடையை விருப்பத்தினின்று எடாமல், செய்துமுடித்ததன் அளவினின்று எடுத்தலே அவர்தம் முறை. ஒரு குறுங்காலத்தில் ஒரு குழுவினர் முற்றச்செய்து முடித்த வேலையின் அளவை 'வெலாசிட்டி', அதாவது வேகம், என்பர். பாதி முடிந்தது, முக்கால் முடிந்தது என்பன கணக்கிற் சேரா. முழுதும் முடிந்தவையே எண்ணப்படும்.

மலையிலிருந்தே எடுத்துக்காட்டொன்று கூறுவோம். வானாராய்ச்சிக்குத் தலைவன் மேகமே. ஓர் ஆராய்ச்சியாளர்க்குத் தெளிந்த இரவுகள் 12 வேண்டுமென்று கொள்வோம். ஒரு திங்களில் இரவுகள் 30 ஆதலின், ஒரு திங்கள் போதுமென விரைந்து கூறுதல் எளிது. ஆனால், சென்ற ஐந்தாண்டுகளில் அதே திங்களில் அவ்விடத்துத் தெளிந்த இரவுகள் முறையே 9, 14, 6, 11, 10 என்று பதிவாகியிருந்தன எனக் கற்பித்துக்கொள்வோம். சராசரி 10. ஐந்தாண்டுகளுள் ஒன்றில் மட்டுமே 12 இரவுகள் கிடைத்திருக்கும். அடுத்த திங்களும் இத்தகையதேயாயின், மிகத் தாழ்ந்த அளவாகிய 6 இரவுகளைக் கொண்டு நோக்கினும் இரண்டு திங்களில் 12 நிறையும். ஆகவே, ஒரு திங்களில் முடிதல் அரிது, இரண்டு திங்களில் முடிதல் பெரும்பாலும் உறுதி என்பதே நேர்மையான விடை. ஒரு நாளைச் சுட்டாது ஓர் எல்லையைச் சுட்டுதல் இதன் இயல்பு. ஒவ்வோரிரவும் கழியக்கழிய அவ்வெல்லை குறுகும். முதல் திங்களின் முடிவில் 9 இரவுகள் கிடைத்துவிட்டனவெனின், எஞ்சிய மூன்றிற்கு மட்டுமே புதிதாக மதிப்பிடல் வேண்டும். மேகம் கவிந்த இரவிலும் அவர் வாளாவிரார். முன் எடுத்த பதிவுகளை ஆராய்வார். எவ்விண்மீனை முதலிற் காண்பதென்னும் வரிசையை அறிவுடையார் அவ்வப்பொழுது மாற்றியமைப்பர்.

இத்தகைய பதிவு ஏன் வேண்டுமெனின், மனிதவுள்ளம் தன்வினையைத் தானே மதிப்பிடுங்கால் தவறாமற் குறைத்தே மதிப்பிடும். டானியேல் கானெமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளநூலறிஞர் இருவர் 1979-ஆம் ஆண்டில் இதனைத் திட்டமிடுவோர் மயக்கம் என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கினர். தம் வினையின் தனித்தன்மையையே நோக்குவோர் மயங்குவர். இதனையொத்த பிற வினைகள் முன்னர் எவ்வாறு முடிந்தன என்று நோக்குவோர் அம்மயக்கத்தினின்று ஒருவாறு நீங்குவர் என்பது அவர்தம் முடிபு.

நம் தமிழ்த்துறையினர் நன்கறிந்த சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியே இதற்குச் சான்று. 1913-ஆம் ஆண்டில், மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாண்ட்லர் ஐயரவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கப்பெற்ற அவ்வினைக்கு முதலில் மதிப்பிட்ட செலவு ரூபாய் ஒரு இலட்சம். ஆறு தொகுதிகளாக அது நிறைவுற்றது 1936-ஆம் ஆண்டில். சென்ற பொருள் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டது. இதனைக் கொண்டு அப்பெரியோர்களைக் குறைகூறுவார் உளராயின், அவர் ஒன்றை மறந்தாராவர். அகராதி முழுவதும் முடியும்வரை மறைத்துவைக்கப்படாமற் பகுதிபகுதியாக அச்சிட்டு வழங்கப்பட்டது. விடுபட்ட சொற்களுக்கு 1939-ஆம் ஆண்டில் ஓர் அநுபந்தமும் வெளிவந்தது. மதிப்பீடு பிழைத்தது, ஆனால் முடிந்த பகுதி ஒவ்வொன்றும் கற்பார் கையிற் பயன்பட்டுக்கொண்டேயிருந்தது.

'லீன்' முறையினர் மற்றொரு கணக்கையும் நமக்குத் தருகின்றனர். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ஆம் ஆண்டில் நிறுவிக்காட்டிய விதி அது. கையிலுள்ள வேலைகளின் எண்ணை, ஒரு வாரத்தில் முடியும் வேலைகளின் எண்ணால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக எத்தனை வாரஞ் செல்லுமென்பது கிடைக்கும். ஓர் ஆண்டுமலரின் பதிப்புக்குழுவினர் கையில் 12 கட்டுரைகள் உள்ளன, வாரத்திற்கு 4 கட்டுரைகளைத் திருத்தி முடிப்பர் எனின், ஒரு கட்டுரைக்குச் சராசரி 3 வாரம். எல்லாரையும் மகிழ்விக்கக் கருதி 24 கட்டுரைகளை ஒருங்கே கையிலெடுத்தால் அவர்தம் வேகம் மிகாது. ஒவ்வொரு கட்டுரையும் 6 வாரங் காத்துக்கிடக்கும். ஆகவே, விரைந்து முடிக்க விரும்புவோன் முதலிற் செய்யத்தக்கது, கையிலெடுக்கும் வேலைகளைக் குறைத்தலே. ஒன்றை முடித்தபின் மற்றொன்றைத் தொடுக என்னும் பாட்டிமார் அறிவுரைக்கு இஃது ஒரு கணிதச்சான்று.

அளத்தலில் ஓர் இடருமுண்டு. ஓர் அளவு, அறிதற்கருவியாக இருக்குமளவும் உண்மை கூறும். அதுவே பரிசிற்கும் தண்டனைக்கும் அடிப்படையாக்கப்படின், மக்கள் வேலையை விடுத்து அளவைத் திருத்தத் தொடங்குவர். இங்கிலாந்துப் பொருளியலறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ஆம் ஆண்டில் இத்தகைய கருத்தொன்றை எடுத்துரைத்தார். ஒரு குழுவின் வேகத்தை மற்றொரு குழுவின் வேகத்தோடு ஒப்பிட்டு இகழ்தல் ஆகாதென 'அஜைல்' அறிஞர் வற்புறுத்துவதும் இதுபற்றியே. தேய்க்கப்படும் ஆடியிற் பள்ளம் இருப்பதாகச் சொன்னவனைத் தண்டித்தால், அடுத்தமுறை பள்ளம் மறையாது. பள்ளத்தைப்பற்றிய சொல்லே மறையும். அதனை வானம் ஒருநாள் வெளிப்படுத்தும்.

இங்குத்தான் இப்பொருளின் அறம் தங்கியுள்ளதென நாம் கருதுகின்றோம். பொய்யான நாட்குறிப்பின் சுமை, அதனைக் குறித்த மேலோர்மேல் விழுவது அரிது. கடைசித் திங்களில் இராப்பகலாக உழைக்கும் தொழிலாளிமேலும், முடியாத பாலத்தின் இக்கரையில் நிற்கும் நோயாளிமேலும், பயிர்க்காலம் கடந்தபின் வந்த கடனைக் கையிலேந்தி நிற்கும் உழவன்மேலுமே அது விழுகின்றது. ஆதலின் மதிப்பீடு என்பது வெறுங்கணக்கன்று. அயலானுக்கு நாம் கூறும் சான்று. தெரிந்ததைத் தெரிந்தவளவில் எல்லை வகுத்துக் கூறுதலும், புதியது தெரிந்தபோழ்து நாணாது மாற்றிக் கூறுதலும் வாய்மையின் பாற்படுவனவேயாம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். திட்டத்தை வேண்டியபோதெல்லாம் மாற்றலாமெனின், சோம்பர்க்கும் அஃதோர் அடைக்கலமாகாதோ என்பர் சிலர். ஆகாது. மாறுந் திட்டத்தில் ஒவ்வொரு குறுங்காலத்தின் முடிவிலும், முடிந்தது இது, முடியாதது இது, காரணம் இது எனப் பலர்முன் எடுத்துவைத்தல் வேண்டும். நிலைத்திட்டத்திற் சோம்பன் ஒருவன் இறுதிநாள்வரை ஒளிந்திருக்கலாம். இம்முறையில் இரண்டு வாரத்திற்குமேல் ஒளிதல் அரிது. காரணங் கூறாது மாற்றுதல் நெகிழ்ச்சி. அளந்து, காரணங் காட்டி மாற்றுதல் ஒழுக்கம்.

மாணாக்கராகிய நமக்கும் இஃது உதவும். ஆனர்ஸ் வகுப்பின் ஆராய்ச்சியேட்டினை எழுதத் தொடங்குவோன், பத்து இயல்களின் பெயரையும் முதலில் எழுதி நாள்குறித்து மகிழ்தலினும், ஓர் இயலை முற்றமுடித்து ஆசிரியரிடங் காட்டுதல் நன்று. அவ்வோரியலுக்கு உண்மையிற் சென்ற நாட்களே எஞ்சிய ஒன்பதிற்கும் அளவுகோல். அக்கணக்கு மனத்திற்கு இனியதாக இராது. ஆனால் ஒன்பது இயலைக் குறைத்து ஆறாக்க வேண்டுமாயின், அதனை முதல் திங்களிலேயே நமக்கு அறிவித்து உதவும்.

ஜவ்வாது மலையிற் சாமை விதைக்கும் உழவரும் ஆண்டின் தொடக்கத்தில் நாளைக் குறித்துவிட்டு வானத்தை நோக்காதிருப்பதில்லை. விளைவு வேண்டுமென்னும் குறிக்கோள் நிலைத்தது. விதைக்கும் நாள் மழைக்கு இயைந்தது. அம்மலையின்மேலேயே, இரவுதோறும் மேகத்தை நோக்கி, அது விலகும் பொழுதறிந்து, விண்மீனொளியை ஏற்கும் ஆடியும் நிற்கின்றது. சிறிது செய்க, செய்ததை அளக்க, அளந்ததை மறையாது உரைக்க, உரைத்ததற்கேற்ப அடுத்த அடியைப் பெயர்த்து வைக்க. இவ்வொழுக்கமுடையார் தொடங்கிய வினை, தொடங்கியவரைக் கடந்தும் நிலைபெற்று முடியும்.